நாப்பத்தஞ்சாயிரம் முடிச்சு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அது எப்பவும் இருக்குறதுதான். ஆனா இந்த எட்டு மாசமா ராத்திரி பதிவு எழுதுற நேரத்தை வேற ஒரு வேலை தின்னுடுச்சு. செடி கொடியைக் கட்டுறதுக்கு கிளிப் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான் சொல்றேன். பொட்டி தட்டுறவனுக்கு இது எதுக்குன்னு நீங்க கேக்குறதுக்கு முன்னாடி எங்க அம்மாவே கேட்டுட்டாங்க.

ஆரம்பம் ஒரு தக்காளிச் செடி. பெங்களூர்ல நான் குடியிருக்குற வீட்டு மொட்டை மாடியில ஒம்பது பை வச்சிருக்கேன். அதுல ஒண்ணு நல்லா உசந்து சாய ஆரம்பிச்சது. கையில கிடைச்ச கேபிள் டையை எடுத்து மூங்கில் குச்சியோட சேத்து ஒரு இழு. 'டர்ர்ர்'னு சத்தம், வேலை முடிஞ்சது. அப்புறம் ஆபீஸ்ல ரிலீஸ் வந்து மூணு வாரம் மாடிப் பக்கமே போகலை. தண்ணி ஊத்துறது மட்டும் கீழ் வீட்டு ஆன்ட்டி தயவுல நடந்துச்சு. போய்ப் பாத்தா, கட்டுக்கு மேல தண்டு உருண்டையா வீங்கியிருக்கு, கட்டு இருக்குற இடத்துல உள்வாங்கியிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு அடிச்ச காத்துல சரியா அதே இடத்துல முறிஞ்சு விழுந்துச்சு. பதினோரு காய் இருந்துச்சு அதுல. எண்ணினேன்.

ஏன் மேல வீங்குதுன்னு அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். வேர்ல இருந்து தண்ணி தண்டோட உள்பக்கமா மேல போகுது. இலை தயாரிக்குற சர்க்கரை வெளிப்பக்கமா, தோலுக்குக் கொஞ்சம் உள்ள இருக்குற குழாய் வழியா கீழ இறங்குது. வெளியில இறுக்கிக் கட்டினா முதல்ல நசுங்குறது இந்த வெளிக் குழாய்தான். தண்ணி பாட்டுக்கு மேல ஏறிக்கிட்டே இருக்கும், அதனால இலை பச்சையாவே இருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. கீழ வேர் பட்டினி கிடக்கும். இறங்க வழியில்லாத சர்க்கரை கட்டுக்கு மேல தேங்கி வீங்கிடும். திராட்சைத் தோட்டத்துல பழம் பெருசாகணும்னு வேணும்னே தண்டுல ஒரு வளையம் பட்டையை உரிச்சு விடுவாங்களாம், இதே தத்துவம்தான். நான் தெரியாம அதைப் பண்ணியிருக்கேன்.

கேபிள் டை மேல எனக்குத் தனி மரியாதை உண்டு. 1958ல அமெரிக்காவுல தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியில மாரஸ் லோகன்ங்கிறவர் கண்டுபிடிச்சது. விமானத்துக்குள்ள கத்தை கத்தையா ஓடுற வயரைக் கட்டுறதுக்காக. அதோட அழகே அது ஒரு பக்கம் மட்டும்தான் போகும்ங்கிறதுதான். இறுகும், இளகாது. வயருக்கு அது போதும், ஏன்னா வயர் வளராது. தண்டும் ஒரு பக்கம் மட்டும்தான் போகும், பெருக்கும், சிறுக்காது. ரெண்டு பிடிவாதக்காரங்களை ஒரே ரூம்ல பூட்டி வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

கணக்கு போட்டுப் பாத்தேன். 5 மில்லிமீட்டர் தண்டோட சுற்றளவு 15.7. அதே தண்டு 12 மில்லிமீட்டர் ஆனா 37.7. அதாவது இன்னிக்கு நாம கட்டுற வளையம் இன்னிக்குத் தேவையானதை விட ரெண்டு மடங்குக்கு மேல பெருசா இருக்கணும். அவ்வளவு தொளதொளன்னு கட்டினா அது கட்டே இல்லையேன்னு தோணும். ஆனா செடிக்குத் தேவை அதுதான். கொஞ்சம் ஆட விட்டாத்தான் தண்டு தடிக்கும். ஜாஃபேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1973ல இதுக்கு திக்மோமார்ஃபோஜெனிசிஸ்னு வாய்ல நுழையாத ஒரு பேர் வச்சிருக்கார். தொட்டு, அசைச்சுக்கிட்டே இருந்தா செடி உயரத்தைக் குறைச்சுக்கிட்டு உடம்பைத் தேத்திக்குமாம். ஜிம்முக்குப் போற மாதிரி.

இதை எல்லாம் பெருசா அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"ஏண்டா, வளர்றதைப் போயி யாராச்சும் இறுக்கிக் கட்டுவாங்களா? பச்சப்புள்ளைக்கு அரணாக்கயிறு கட்டுற மாதிரி கட்டணும்டா."

அப்பா சிரிச்சு அப்ப பதினாலு மாசம் ஆகியிருந்துச்சு.

எங்க ஊர் சோழவந்தான் பக்கம். வெத்தலைக்குப் பேர் போன இடம், 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. பங்கு பிரிச்சது போக எங்களுக்கு நின்னது பத்து சென்ட் கொடிக்கால். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். கொடிக்கால்ல முதல்ல அகத்தியை வரிசையா விதைச்சு வளத்து, அது நிழல் குடுக்குற அளவுக்கு வந்ததும் அதுங்காலடியில வெத்தலைக் கொடியை ஊணுவாங்க. கொடி அகத்தியைப் பிடிச்சு ஏறணும். ஏறும், ஆனா தானா ஏறாது. கணுவுல இருந்து சின்னச் சின்ன வேர் விட்டு அகத்தி மேல ஒட்டிக்கிற வரைக்கும் யாராவது பிடிச்சுக்கணும். அதுக்குத்தான் கட்டு. ஒரு சாண் உசந்தா ஒரு கட்டு, 15ல இருந்து 20 சென்டிமீட்டருக்கு ஒண்ணு. பதினஞ்சு இருபது நாளைக்கு ஒரு தடவை கொடிக்காலுக்குள்ள புகுந்து ஒவ்வொரு கொடியையும் தூக்கிக் கட்டிக்கிட்டே வரணும். கட்டுறது வாழை நார்ல. முந்தின நாள் ராத்திரியே தண்ணியில ஊறப் போட்டிருப்பாங்க.

அப்பாவுக்கு அந்த வேலைதான் பிடிக்கும். இலை கிள்ள, கவுளி அடுக்க, தண்ணி கட்ட ஆள் வச்சுக்குவார். கொடி கட்டுறது மட்டும் பாதிக்கு மேல அவரே. செருப்பை வரப்புல விட்டுட்டு உள்ள போனா, சாப்பாட்டுக்குத்தான் வெளிய வருவார். நான் சின்னப் பையனா இருக்கும்போது இடுப்புல நார்க் கத்தையைச் சொருகிக்கிட்டு, பல்லுல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு மரத்துக்கு மரம் போயிக்கிட்டே இருப்பார். பேசினா பதில் வராது, வாயில நார் இருக்குல்ல.

பக்கவாதம் வந்தது ஒரு காலையில. உயிருக்கு ஒண்ணும் இல்லை, பேச்சும் திரும்பிடுச்சு, காலும் பரவாயில்லை. இடது கை தோள்ல இருந்து தூக்குறார், மடக்குறார். விரல் மட்டும் எதையும் பிடிக்கலை. ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னா "நான் என்ன கைக்குழந்தையா"ன்னு பந்தைத் தூக்கி ஜன்னல்ல வச்சிட்டார். கொடிக்காலுக்குப் போறதையும் நிறுத்திட்டார். வரப்பு வரைக்கும் போவாராம், அங்கேயே நின்னு பாத்துட்டு திரும்பி வந்துருவாராம். அம்மாதான் சொன்னாங்க. முடிச்சு போட ரெண்டு கை வேணும்.

தக்காளி விஷயத்துல அவர் சிரிச்ச அன்னிக்குத்தான் எனக்குத் தோணுச்சு, ஒரு கையால மாட்டுற மாதிரி ஒரு கிளிப் பண்ணா என்னன்னு. இஞ்சினியரிங் படிச்சிட்டு வெறும் ஜாவா எழுதிக்கிட்டு இருக்கோமே, ஒரு உருப்படியான பொருளையாவது பண்ணுவோம்னு ஒரு வேகம். நண்பன் ஒருத்தன் முப்பரிமாண பிரின்டர் வாங்கி தூசி படிய வச்சிருந்தான். அதைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

கடையில இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. பசுமைக்குடில்ல தக்காளிக்குப் போடுற வளைய கிளிப் இருக்கு. தண்டைச் சுத்தி வளையம், கீல் இருக்குற பக்கம் மேல இருந்து தொங்குற கயிறைக் கவ்விக்கும். இலைக் காம்புக்குக் கீழ மாட்டினா வழுக்காம நிக்கும். அருமையான டிசைன், வளையத்துக்குள்ள தண்டுக்கு ஏகப்பட்ட இடம். ஜப்பான்ல மேக்ஸ் கம்பெனி டேப்பனர்னு ஒரு கருவி விக்குறாங்க, ஸ்டேப்ளர் மாதிரி, ஒரே கையால டேப்பைச் சுத்தி பின் அடிச்சு வெட்டியும் விட்டுடும். அதைப் பாத்ததும் ஆஹா கிடைச்சிருச்சுன்னு குதிச்சேன். ஆனா அது குச்சிக்கும் கம்பிக்கும் ஆனது. அகத்தி கை மொத்தம் இருக்கும், அதோட வாய்க்குள்ள நுழையாது.

அகத்திதான் இதுல முக்கியமான வில்லங்கம். மாடியில நான் கட்டுற மூங்கில் குச்சி செத்த குச்சி. அகத்தி உயிரோட இருக்குற மரம், அதுவும் வேகமா பெருக்குற ஜாதி. 4 சென்டிமீட்டர் விட்டம் 6 ஆனா சுற்றளவு 6.28 சென்டிமீட்டர் கூடும். கொடியையும் மரத்தையும் சேத்து நீளாத ஒண்ணால கட்டினோம்னா, கொடி பெருக்க வேண்டிய அவசியமே இல்லை, மரமே அதை நசுக்கிடும்.

முதல் வெர்ஷன், திறந்து மூடுற வளையம். வாசல்லயே அவுட். மரத்துக்கு மரம் மொத்தம் வேற, எத்தனை சைஸ்ல அடிக்கிறது? இதையே சின்னதா அடிச்சு மாடித் தக்காளிக்கு மாட்டினேன். மொட்டை மாடி வெயில்ல பிஎல்ஏ பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு, 60 டிகிரி பக்கத்துலயே அது இளகிடும். பிஇடிஜிக்கு மாத்தினேன், நின்னுச்சு. ஓரத்தை எல்லாம் நல்லா உருட்டி, உள்பக்கத்தை அகலமாக்கினேன். அதே இழுவிசைக்கு பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அழுத்தம் குறையும். பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டுறவங்க செடி ஏன் நல்லா இருக்குன்னா இதனாலதான். வேட்டிய விட என் கிளிப் ஒண்ணும் ஒசத்தி இல்லை, பாக்க அழகா இருக்கும், அவ்வளவுதான் :)

ரெண்டாவது, முள் வச்ச கொக்கி. ஒரு முனை அகத்திப் பட்டைக்குள்ள குத்தி நிக்கும், இன்னொரு முனை கொடியை வளைச்சுப் பிடிச்சுக்கும். ஒரு கை போதும், மரம் எந்த மொத்தமா இருந்தாலும் கவலை இல்லை. ரொம்பப் பெருமையா ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பாவை வரப்பு தாண்டி உள்ள கூட்டிட்டுப் போய் ஒண்ணு குத்திக் காட்டினேன். குத்தின இடத்துல பிசின் கசிஞ்சது. அப்பா ஒண்ணும் சொல்லாம அதை வலது கையால பிடுங்கி என் உள்ளங்கையில வச்சார்.

"இது மேல ஏறி நிக்குறதுக்குத்தான் அதை வளக்குறோம். அதைப் போயி குத்துவியா?"

வாயை மூடிக்கிட்டேன்.

மூணாவது வெர்ஷன் நல்ல வெர்ஷன். சத்தியமா நல்ல வெர்ஷன். வாழை நாரை விட்டுட்டு யோசிக்கிறதுதான் தப்புன்னு புரிஞ்சிருந்தது. நார் இருக்கட்டும், முடிச்சை மட்டும் மாத்துவோம். சட்டைப் பட்டன் மாதிரி ஒரு வில்லை, ஓரத்துல 'வ' இல்லாம ஆங்கில 'வி' வடிவத்துல ஒரு வெட்டு. நாரோட ஒரு முனையை முன்கூட்டியே வில்லையில கட்டி வச்சிடணும். மரத்தைச் சுத்தி கொண்டு வந்து இன்னொரு முனையை அந்த வெட்டுல இழுத்தா மாட்டிக்கும். நார் மெலிசா இருந்தா உள்ள ஆழமா போய் மாட்டும், தடியா இருந்தா மேலயே மாட்டும். அப்பா ஒரு கையால மாட்டிட்டார். முதல் தடவை நழுவிச்சு, மூணாவது தடவை மாட்டிடுச்சு. அடுத்த மரத்துக்கு அவரா நகந்து போனார். பத்து மரம் கட்டினார். நான் பின்னாடியே நின்னு போன்ல படம் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், கை நடுங்குச்சு, வீடியோ சரியா வரலை.

அன்னிக்கு சாயங்காலம் திண்ணையில உக்காந்து கணக்கு கேட்டார். எங்க பத்து சென்ட்ல மூவாயிரம் கொடிக்குக் கிட்ட நிக்கும். வருஷத்துக்கு 3 மீட்டர் ஏறும். 20 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டுன்னாலே கொடிக்கு 15. மொத்தம் 45,000 கட்டு. ஒரு வில்லை அடிக்க பிரின்டருக்கு 6 நிமிஷம். விடாம ராத்திரி பகலா ஓடினாலும் 187 நாள். ஒண்ணு ஒரு ரூபாய்னு வச்சா நாப்பத்தஞ்சாயிரம் ரூபாய். நாருக்கு என்ன செலவுன்னு நான் கேக்கவே இல்லை, பக்கத்துத் தோப்புல வாழை மட்டை சும்மா கிடக்குது.

"நார் அத்துப் போனா இது எங்க விழும்?"

"கீழதான்பா விழும்."

"மண்ணுல மக்குமா?"

பிஎல்ஏ மக்கும்னு பாக்கெட்ல போட்டிருக்கும். ஆனா அதுக்குன்னு சூடேத்தி வச்ச உரக் கிடங்குல போட்டாத்தான் சீக்கிரம் மக்கும், நம்ம தோட்டத்து மண்ணுல வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். உண்மையைச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கிட்டார். கோபம் எல்லாம் இல்லை. அப்புறம் ஒரு விஷயம் சொன்னார், அதைத்தான் நான் எட்டு மாசமா கோட்டை விட்டிருக்கேன்.

நார் அத்துப் போறது குறை இல்லையாம். அத்துத்தான் போகணுமாம். ஊறின நார் காஞ்சதும் விறைச்சு வளைஞ்ச வாக்குலயே நிக்கும், கொடியை அசையாம பிடிச்சுக்கும். கொஞ்ச நாள்ல மழையிலயும் தண்ணியிலயும் நைஞ்சு போக ஆரம்பிக்கும். அதுக்குள்ள கணுவுல வேர் விட்டு கொடி ஒட்டிக்கும். மரம் பெருத்து நெருக்குறதுக்கு முன்னாடி நார் விட்டுக்குடுத்துடும். அவுத்து விட யாரும் போக வேண்டியதில்லை. "அவுக்குறதுக்கு ஒரு ஆளு தேடுனா அது என்னடா கட்டு?"ன்னார். நான் ஆபீஸ்ல எழுதுற புரோகிராம்ல எதையாவது பிடிச்சு வச்சா இத்தனை நொடியில தானா விட்டுடணும்னு டைம்அவுட் போடாம கோடு ரிவ்யூ தாண்டாது. அதை நான் தினமும் அடுத்தவனுக்குச் சொல்றவன். ஒரு கிளிப் எத்தனை நாள் தாங்கணும்னு யோசிச்சேனே தவிர, எப்ப விடணும்னு ஒரு தடவை கூட யோசிக்கலை.

வில்லையை கொட்டாங்கச்சியில பண்ணலாமான்னு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஹேக்ஸா பிளேடோட உக்காந்தேன். இருபது வந்துச்சு. விரல்ல ரெண்டு வெட்டும் வந்துச்சு.

அம்மா அன்னிக்கு முற்றத்துல மல்லிப்பூ கட்டிக்கிட்டே இதை எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பூ கட்டுறதும் அதே வாழை நார்லதான். திடீர்னு, "முடிச்சு போட எதுக்கு ரெண்டு கை? ஒரு கை வேலை பாக்குது, ஒரு கை சும்மா புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு? புடிக்குறதுக்குப் போயி கை எதுக்கு?"ன்னாங்க. எந்திரிச்சுப் போய் கொடியில இருந்து துணி கிளிப் ஒண்ணை எடுத்துட்டு வந்து, அப்பாவோட இடது மணிக்கட்டுல பழைய சேலைத் துண்டால கட்டி விட்டாங்க. நாரோட ஒரு முனையை அதுல கவ்வ விட்டு, "இப்ப கட்டுங்க"ன்னாங்க.

அப்பா திண்ணைத் தூண்ல கட்டிப் பாத்தார். இடது கையை தூண்ல சாச்சு வச்சுக்கிட்டு, வலது கையால நாரைச் சுத்திக் கொண்டு வந்து, ரெண்டு முனையையும் சேத்துப் பிடிச்சு கிளிப்ல இருந்து உருவி, ரெண்டு முறுக்கு, ஒரு சொருகு. முடிச்சே இல்லை. ஊறின நார் அப்படியே நின்னுச்சு.

எட்டு மாசம். பதினேழு டிசைன் ஃபைல். ரெண்டு ரோல் பிளாஸ்டிக். கடைசியில துணி கிளிப்பு. என் இஞ்சினியரிங் டிகிரியை அம்மா அந்தக் கிளிப்லயே மாட்டி காயப் போட்டுட்டாங்க.

இருந்தாலும் நான் விட்டுடலை. சேலைத் துண்டு நழுவுது, கிளிப் வாய் வாழை நாரை வழுக்க விடுது. மணிக்கட்டு வளைவுக்கு ஏத்த மாதிரி ரப்பர் மாதிரி வளையுற டிபியூல ஒரு அடிப்பட்டை அடிச்சேன், ஒட்டிப் பிரிக்குற வெல்க்ரோ வார் வச்சேன். கிளிப் பல்லுக்கு நடுவுல சைக்கிள் டியூப் ரப்பர் ஒட்டினேன். நேரா இருந்த கிளிப்பை மரத்தைப் பாத்து கொஞ்சம் சாய்ச்சு வச்சேன், நார் தானா சுத்துற திசையில போகுது. மொத்தம் ஒண்ணே ஒண்ணு, அது தோட்டத்துல விழாது, அவர் கையில இருக்கும். அதுக்கு அவர் என்னைப் பாராட்டலை. ஆனா மாட்டிக்கிட்டார்.

முன்னாடி மத்தியானத்துக்குள்ள நாலு வரிசை கட்டுவார், இப்ப ஒரு வரிசை முடிக்கவே காலைப் பொழுது சரியாப் போகுது. மிச்சத்தை ஆளுங்கதான் கட்டுறாங்க. அவங்க கட்டினதை இவர் போய் சரியில்லைன்னு திருப்பிக் கட்டுறாராம், அம்மா புலம்புறாங்க. இடது விரல் இன்னும் அப்படியேதான் இருக்கு. பந்து இன்னும் ஜன்னல்லதான் இருக்கு.

நேத்து போன் பண்ணார். ஈரத்துலயே கிடந்து கிளிப் ஸ்பிரிங் துருப்பிடிச்சிருச்சாம். பொங்கலுக்கு வரும்போது துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப்பா ரெண்டு பாத்து வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார். "ஒண்ணு போதும்லப்பா?"ன்னேன். இன்னொண்ணு பக்கத்துக் கொடிக்கால்காரருக்காம், அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு.